திரு. தண்ணீர்த் தொட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில், "லீவு போட்டுட்டு வரட்டுமாப்பா?" என்று கேட்டாய். வேண்டாம். உன் வேலை முக்கியம். இரண்டு வருஷம் பார்க்காமல் இருந்தவர்களுக்கு இன்னும் ஒரு வருஷம் பெரிய விஷயமா?

நான் எழுத வந்தது அதுவல்ல. என் கம்ப்யூட்டரில் நீ போட்டுக் கொடுத்த எழுதும் மென்பொருளைப் பற்றிய புகார். "ஒரே வேலையை ரெண்டு தடவை செஞ்சா அது கண்டுபிடிச்சுக்கும்பா, அப்புறம் இந்த ஒரு விசையைத் தட்டினா போதும், அதுவே செஞ்சிடும்" என்று பெருமையாகச் சொன்னாயே, நானும் நம்பி, குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்ற முறையில் பட்டியல் தயாரிக்க உட்கார்ந்து, முதல் இரண்டு பெயர்களுக்கு முன்னால் 'திரு.' போட்டுவிட்டு அந்த விசையில் விரலை வைத்தேன், அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டாள், திரும்பிப் பதில் சொன்னேன், விரலை எடுக்க மறந்துவிட்டேன், பட்டியலையும் தாண்டிக் கீழே இருந்த பராமரிப்புக் குறிப்பு வரைக்கும் அது ஓடியிருக்கிறது, நான் பார்க்காமல் அச்செடுத்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியும்விட்டேன். மூன்றாம் மாடி டாக்டரம்மா இப்போது திரு. டாக்டரம்மா. அதற்குக் கீழே, "திரு. தண்ணீர்த் தொட்டி வியாழக்கிழமை கழுவப்படும்." காவலாளி தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் சல்யூட் அடிக்கிறார்.

உன் அம்மாவுக்கோ ஒரே கொண்டாட்டம். "மிஷினுக்கு ரெண்டே தடவைல புரியுது. ஈர டவலைக் கட்டில் மேல போடாதீங்கன்னு முப்பத்தஞ்சு வருஷமா சொல்றேன், உங்களுக்குப் புரியலையே!" இனி இந்த வீட்டில் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? ஆகவே அதை உடனே எடுத்துவிடு. அங்கிருந்தபடியே எடுத்துவிடலாமாமே, நேரில் வரத் தேவையில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா

பின்குறிப்பு: முடிவில் ஒரு வரி தட்டிப் பார்த்தேன். சரியாகப் படவில்லை. மறுபடியும் தட்டிப் பார்த்தேன். இரண்டையும் அழிப்பதற்குள் அந்தப் பாழாய்ப்போன விசையில் கை பட்டுவிட்டது.

எப்போம்மா வருவே?
எப்போம்மா வருவே?
எப்போம்மா வருவே?
எப்போம்மா வருவே?
எப்போம்மா வருவே?

அழிக்கத்தான் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, உங்களுக்குப் பதிலா அதாவது கேக்கட்டும்" என்கிறாள். மிஷின் கேட்டதற்கெல்லாம் நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. விசையை விட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி நானே கேட்கிறேன்.

எப்போம்மா வருவே?