ஒற்றைப்படையில் நின்ற இன்ஹேலர்

இன்ஹேலரின் முதுகில் இருந்த எண் எண்பத்தேழு என்று காட்டியது. காளிதாசனுக்கு வியர்த்துவிட்டது.

மகள் லோகேஸ்வரி காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று மருந்தை இழுப்பவள். எண் எப்போதும் இரட்டைப்படையில்தான் நிற்கும். அவள் குளிக்கப் போன நேரத்தில், மருந்து ஒழுங்காக வருகிறதா என்று ஒரு தடவை அமுக்கிப் பார்த்தது இவர்தான்.

போன மாதம் கிளினிக்கில் தாதி ஸல்மா மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "பதினஞ்சு வயசாச்சு அண்ணே. அவ ஆஸ்துமாவ அவளே பாத்துக்கட்டும். நீங்க ஞாபகப்படுத்தவும் கூடாது, தொடவும் கூடாது."

காளிதாசன் தலையாட்டிவிட்டுத்தான் வந்தார். ஆனால் குருண் ஊரில் ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருடமாகத் தரம் பார்க்கிறவர். பார்க்காமல் இருக்க அவருக்குத் தெரியாது.

ஒற்றைப்படையைச் சரிசெய்ய இன்னொரு தடவை அமுக்கினார். எண்பத்தாறு.

லோகேஸ்வரி வந்து எடுத்துப் பார்த்தாள். "எண்பத்தாறா? அப்ப காலை மருந்த இழுத்துட்டேன் போலப்பா."

"இழுத்தியா? நல்லா யோசிச்சுப் பாரு."

"நம்பர் பொய் சொல்லாது லா." பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று பள்ளியில் ஓட்டப்பந்தயம்.

"உண்மையச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி பிரேமாவதி.

"தொட மாட்டேன்னு மிஸ்ஸிகிட்ட ஒத்துக்கிட்டு வந்திருக்கேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

அரை மணி நேரம் கூடத்தில் நடந்தார். பிறகு ஆசிரியருக்குப் போன் போட்டார். "சார், லோகேஸ்வரிக்குக் கால் சுளுக்கு. ஓட விடாதீங்க."

பத்தாவது நிமிடம் மகளிடமிருந்து போன் வந்தது. "அப்பா! நான்தான் முன்னால ஓடிக்கிட்டிருந்தேன். சார் பாதியில நிறுத்தி, ரெண்டு காலுக்கும் கட்டுப் போட்டுட்டாரு!"

"ரெண்டுக்குமா?"

"எந்தக் கால்னு நீங்க சொல்லலியாம்!"

இதற்கு மேல் தாங்காது என்று இன்ஹேலரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளினிக்குக்குப் பறந்தார்.

"மிஸ்ஸி, தப்பு என்மேலதான். ரெண்டு தடவ அமுக்கிட்டேன். புள்ள மருந்து இழுக்காமலே ஓடப் போயிடுச்சு."

ஸல்மா இன்ஹேலரைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்.

"பயப்படாதீங்க அண்ணே, அவ மருந்து அவ பையிலயே இருக்கு. இது பழகிப் பாக்கிற டப்பா, உள்ள வெறும் காத்துதான். 'அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது, அவரு அமுக்கிப் பாக்க ஒண்ணு குடுங்க'ன்னு போன வாரம் அவதான் கேட்டு வாங்கிட்டுப் போனா."