முழுங்குற சத்தம் கேக்கணும்

காவிரிப் பாசனம் பெறும் ஊர்களில் மைக்செட்டக்காவின் தொண்டையை மிஞ்சிய ஒலிபெருக்கி இன்னும் வரவில்லை. வந்திருந்தால் முதல் ஆளாக அவரே வாங்கி வாடகைக்கு விட்டிருப்பார்.

தஞ்சாவூரில் எச்.ஐ.வி. சிகிச்சை மையம் ஒன்றில் நான் ஆலோசகர். எங்கள் வராண்டாவில் எல்லோரும் துண்டாலும் துப்பட்டாவாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரத்தநாட்டில் மைக்செட் வாடகைக் கடை வைத்திருக்கும் அக்கா மாத்திரை வாங்க பஸ்ஸிலிருந்து இறங்கினால், வாசலிலேயே "யாருப்பா கடைசி?" என்று முழங்குவார். அத்தனை முகமும் இன்னும் ஒரு சாண் தாழும். பஸ்ஸில் மாத்திரை டப்பா குலுங்கிச் சத்தம் போட்டுவிடுமே என்று மற்றவர்கள் அதற்குள் பஞ்சு அடைப்பார்கள். அக்கா காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்து, "சவுண்டு ஓகே!" என்பார்.

"பயமே கிடையாதாக்கா?" என்று கேட்டேன்.

"இந்த வராண்டாவுலதான் மேடம் நான் ராஜா. ஊர்ல அல்சருக்கு மாத்திரைன்னுல்ல சொல்லி வெச்சிருக்கேன்!"

ஒருநாள் குத்தாலத்தில் பேன்ஸி கடை வைத்திருக்கும் இளைஞர் வந்தார். வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் விஷயம் தெரிந்து, பயணம் நின்றுபோனவர். மாத்திரையை அடிக்கடி விட்டுவிடுவார்.

"நல்லாத்தானே இருக்கேன் மேடம். அதைக் கையில எடுத்தாத்தான் நோயாளின்னே ஞாபகம் வருது."

கதவுக்கு வெளியே நின்ற அக்காவுக்கு இது கேட்டுவிட்டது. "தம்பி, உன் நம்பரைச் சொல்லு!"

அன்று முதல் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் போன். "ஹலோ, மைக் டெஸ்டிங்! போட்டியா?"

"போட்டுட்டேங்க்கா."

"பொய்! முழுங்குற சத்தம் கேக்கல. இப்பப் போடு. நானும் போடுறேன்."

அக்காவின் தொல்லை தாங்காமலே அவர் ஒழுங்காக மாத்திரை போட ஆரம்பித்தார். ஆனால், மகன் தினமும் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவதை அவருடைய உம்மா கவனித்துவிட்டார். காதல்தான் என்று முடிவுகட்டி, போனில் வந்த 'மைக்செட், ஒரத்தநாடு' என்ற பெயரை வைத்து விசாரித்துக்கொண்டு ஒரத்தநாட்டுக்கே வந்து இறங்கிவிட்டார்! கடையில் குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவே, கழுத்தில் ஜெபமாலையோடு, தன் வயதுக்காரி ஒருத்தி.

"எம்புள்ளைக்கு நீங்க யாரு?"

அக்காவுக்கு வாழ்க்கையிலேயே முதல்தடவையாகக் குரல் வரவில்லை. உண்மையைச் சொன்னால் பையன் மானம் போகும். மறைத்தால் அந்த அம்மா என்னவெல்லாம் நினைப்பாரோ! உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, போனில் மகனைக் கூப்பிட்டார். "தம்பி, உடனே கிளம்பி வா. நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அவர் வந்தார். அழுதுகொண்டே சொன்னார். உம்மாவின் முகம் வெளிறியதைப் பார்த்த அக்கா, "நானும் அதே மாத்திரைதாங்க. எத்தனையோ வருஷமா. பாருங்க, எப்படி இருக்கேன்!" என்று தன் ரகசியத்தையும் போட்டு உடைத்தார்.

உம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தினமும் இவனை முழுங்க வெச்சது நீங்கதானா?"

அதன்பிறகு உம்மா தன் சர்க்கரை மாத்திரையையும் மகன் மாத்திரையையும் ஒரே தட்டில் எடுத்துவைத்தார். அக்காவின் போனுக்கு அவசியமில்லாமல் போனது.

அடுத்தமுறை அக்கா எந்தச் சத்தமும் இல்லாமல் என் அறைக்குள் வந்தார்.

"மாத்திரை அப்பப்ப விட்டுப்போகுது மேடம். அவனுக்குப் போன் பண்ணிட்டேதான் நானும் போடுவேன். தனியாப் போடக் கை வரமாட்டேங்குது."

"அவர்கிட்டச் சொல்லலாமேக்கா?"

"நல்லாயிட்டான். அவனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

மகனோடு வந்து வெளியே உட்கார்ந்திருந்த உம்மாவின் காதில் இது விழுந்தது. அக்காவின் மெல்லிய குரலே வராண்டா முழுக்கக் கேட்குமே! எழுந்து உள்ளே வந்தார். "நல்லாருக்கே கத! இனிமே நான் போன் பண்ணுறேன். மூணு பேரும் ஒண்ணாப் போடுவோம். உங்க முழுங்குற சத்தம் எனக்குக் கேக்கணும், ஆமா!"

அக்கா சிரித்த சிரிப்பில் என் மேஜைக் கண்ணாடி அதிர்ந்தது.

இப்போது அக்காவுக்கும் அந்த இளைஞருக்கும் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அக்கா வராத நாட்களில் எங்கள் வராண்டா அமைதியாக இருக்கிறது. எனக்கு அந்த அமைதி கொஞ்சமும் பிடிக்கவில்லை.