சாம்பல் கோட்டைக்கு வழி கேட்ட பெண்

மனித நாகரிகம் இதுவரை எட்டிய உச்சம் எது என்று கேட்டால் சிலர் நிலவில் கால் வைத்ததைச் சொல்வார்கள், சிலர் தடுப்பூசியைச் சொல்வார்கள். விவரம் தெரியாதவர்கள். சிதம்பரம் மேல வீதியில், கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றின் மாடியில், ஞாயிறுதோறும் காலையில் கூடும் ‘தில்லை வட்டாரத் தொன்மைக் கணினி விளையாட்டுப் பேரவை’தான் அந்த உச்சம். புதிதாக விளையாட வருகிறவருக்கு எந்தப் பழைய விளையாட்டைப் பரிந்துரைப்பது என்ற மாபெரும் பொறுப்பை, யாரும் கேட்டுக்கொள்ளாமலேயே, அது தன் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தது.

பேரவையில் மூவர். கடைக்காரரான தட்சிணாமூர்த்தி தலைவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பழனிவேல் பொருளாளர். பேரவைக்குப் பொருள் என்று எதுவும் இல்லாததால், எந்த முறைகேட்டுக்கும் ஆளாகாத உத்தமப் பொருளாளர். கூட்டுறவுச் சங்க எழுத்தர் செம்பியன் செயலாளர். சாதாரண உறுப்பினர் என்று யாரும் கிடையாது. அதனால் கட்டுப்பாடு குலைந்ததே இல்லை.

அவர்கள் போற்றியவை ‘பாத்திரமேற்று ஆடும்’ விளையாட்டுகள். கணினித் திரையில் நீங்களே ஓர் ஆளை உண்டாக்கி, பெயர் வைத்து, ஊர் ஊராக அனுப்ப வேண்டும். அவன் கண்டவர்களோடு பேசுவான், பூதங்களோடு சண்டை போடுவான், நல்லதோ கெட்டதோ செய்வான். அதற்கேற்பக் கதை மாறும். செம்பியனின் அம்மா மங்கலத்துக்கு இதை அவன் ஒருமுறை விளக்கியபோது, “பாத்திரத்த ஏத்தி எறக்கி ஆடறதுக்கு, இந்தப் பாத்திரத்த வெளக்கி வெச்சீன்னா புண்ணியமா போவும்” என்றாள். கலைச்சொல் அறியாத பேச்சு என்று அவன் பொறுத்துக்கொண்டான்.

அந்தச் செம்பியனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் எழிலரசி. கடலூர் முதுநகர்க்காரி, தனியார் மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். வீட்டில் பஜ்ஜி சொஜ்ஜியோடு உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் பழைய முறை, பிச்சாவரத்தில் படகு விட்டுக்கொண்டே பேசட்டும் என்று இரு வீட்டாரும் ‘நவீனமாக’ முடிவெடுத்தார்கள். முன் படகில் பையனும் பெண்ணும். பின் படகில் இரு தாய்மார்கள், எதுவும் கேட்காத தூரத்தில், எல்லாம் தெரியும் தூரத்தில். எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை.

“ஞாயித்துக்கெழமைல இன்னா பண்ணுவீங்க?” என்று எழிலரசி கேட்டாள்.

செம்பியன் தயங்கித் தயங்கிச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே சூடு பிடித்துவிட்டது. சாம்பல் கோட்டை என்ற விளையாட்டைப் பற்றி, அதன் ஏழு வாசல்களைப் பற்றி, மழையில் நனைந்தபடி வரும் ஒற்றைக்கண் வியாபாரியைப் பற்றி. இதற்கு முன் அவன் இதைச் சொல்லிய பெண்கள் எல்லோரும் கைபேசியைப் பார்த்திருக்கிறார்கள். எழிலரசி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்கே! நான் போன்ல மிட்டாய் ஒடைக்கிறதோட சரி. எனக்கு ஒண்ணு சொல்லுங்களேன், ஆடிப் பாக்குறேன்.”

செம்பியனுக்கு ஆறேழு பெயர்கள் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றன. வாயைத் திறந்தால் அவற்றில் ஏதாவது ஒன்று வெளியே வந்துவிடும் அபாயம் இருந்தது. பொறுப்புள்ள செயலாளர் என்பதால் வாயை மூடிக்கொண்டான். படகு சுரபுன்னைக் காட்டுக்குள் ஒரு வளைவைத் தாண்டிய பிறகு சொன்னான்:

“ஒண்ணுன்னா... அத நான் தனியா முடிவு பண்ண முடியாதுங்க. பேரவைல வெக்கணும்.”

அவள் சிரித்தாள். நகைச்சுவை என்று நினைத்துவிட்டாள். பின் படகிலிருந்து அவள் சிரிப்பைப் பார்த்த மங்கலம், மனசுக்குள் மண்டபமே பிடித்துவிட்டாள்.

பேரவை அவசரமாகக் கூடியது. பொருள்: ‘புதியவர் ஒருவர் விளையாட்டு கோருதல்’.

“இதுக்கு முன்னாடி அவுங்க இன்னா ஆடியிருக்காங்க?” என்று தலைவர் கேட்டார்.

“மிட்டாய் ஒடைக்கிறது.”

பொருளாளர் இரங்கல் கூட்டத்தில் போல எழுந்து நின்று தலைகுனிந்தார்.

“சரி. நடந்தது நடந்துபோச்சு” என்று தட்சிணாமூர்த்தி பெருந்தன்மையோடு மன்னித்தார். “சாம்பல் கோட்டை ஒண்ணாவது பாகத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டும். அதுல படம் இருக்காது, வெறும் எழுத்துதான். எதப் பண்ணாலும் செத்துப்போவாங்க. சாகட்டும். நூறு தபா செத்தாதான் ஒரு பக்குவம் வரும்.”

“தப்பு தலைவரே” என்றார் பழனிவேல். “ஒடனே ஆட வுடவே கூடாது. மொதல்ல விதிமுறைப் புத்தகம் படிக்கணும். தடி புத்தகம். படிச்சி முடிச்சிட்டு வரட்டும்.”

“மச்சான், நீ கார் கத்துக்குடுக்கும்போது மொத நாளே வண்டில ஏத்துறியே?” என்று செம்பியன் கேட்டான்.

“கார்ல இன்னா இருக்குது? மிஞ்சிப்போனா ஆளு சாவான். இது அப்படி இல்ல மச்சான்.”

அன்று முடிவு எட்டப்படவில்லை. அடுத்த ஞாயிறும் எட்டப்படவில்லை. ‘கதை விரும்புவாரா, சண்டை விரும்புவாரா’ என்று ஒரு ஞாயிறு. ‘விருப்பத்தைக் கேட்பதே கொள்கை விரோதமல்லவா’ என்று இன்னொரு ஞாயிறு. இதற்கிடையில் எழிலரசியிடமிருந்து செய்தி வரும்: “இன்னா, எதுனா முடிவாச்சா?” செம்பியன் பதில் அனுப்புவான்: “பரிசீலனையில் உள்ளது.” அவளுக்கு வேறு ஏதாவது எழுத வேண்டும் என்று அவனுக்கு ஆசைதான். மருத்துவமனையில் இன்று யாருக்குக் கை நிமிர்ந்தது, யார் முதல் அடி எடுத்து வைத்தார் என்று அவள் எழுதுவதை அவன் இரண்டு மூன்று தடவை படிப்பான். ஆனால் பரிசீலனையில் இருக்கும் ஒருவரோடு செயலாளர் அப்படியெல்லாம் குழைந்து பேசுவது நடுநிலைமைக்கு இழுக்கு.

கடைசியில் பேரவை துணிச்சலான முடிவுக்கு வந்தது. நேர்காணல்.

யாராக இருந்தாலும் அங்கேயே கைகழுவியிருப்பார்கள். எழிலரசி வந்தாள். வீட்டில் நடராசர் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, கடலூரிலிருந்து பஸ் பிடித்து, மாடிப்படி ஏறி வந்து, மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்த மேசைக்கு எதிரில் போட்டிருந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தாள். செம்பியனைப் பார்த்து மட்டும் லேசாகச் சிரித்தாள். அவன் பதிலுக்குச் சிரிக்கப் போனான். தலைவர் தொண்டையைச் செருமினார். சிரிப்பு ஒத்திவைக்கப்பட்டது.

“ஒரு பாலம் இருக்குது” என்று தட்சிணாமூர்த்தி தொடங்கினார். “பாலத்துல ஒரு பூதம் நிக்கிது. நீங்க அந்தப் பக்கம் போவணும். இன்னா பண்ணுவீங்க?”

“சாம்பல் கோட்டைல வருமே, அந்தப் பாலமா சார்?”

மூவரும் நிமிர்ந்தார்கள்.

“நீங்க சொல்றதுக்கு நாளாவுதேன்னு நானே ஒண்ணு வாங்கி ஆடிட்டேன் சார். சாம்பல் கோட்டை மூணாவது பாகம். தள்ளுபடில போட்டிருந்தான்.”

“மூணாவதா?” பழனிவேலின் குரல் கம்மிவிட்டது. “ஒண்ணு, ரெண்டு ஆடாமலேயா?”

“ஆமாங்க. அதே கோட்டை, அதே பாலம்தானாம். படம் போட்டு புதுசா பண்ணியிருக்காங்கன்னு எழுதியிருந்துது.”

“எந்த மோட்ல?” தலைவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“ஈஸி மோட்லதான். பகல் பூரா கைகால நீவிவுட்டு வரேன். சண்ட ஜாஸ்தி வேணாம், கதை தெரிஞ்சா போதும்னு இருந்துது.”

சிதம்பரத்தில் அன்று நில அதிர்வு எதுவும் பதிவாகவில்லை என்பது அரசு இயந்திரத்தின் அலட்சியத்தையே காட்டுகிறது. தலைவரின் தேநீர் மேசையில் கொட்டி, பொருளாளரின் மடிவரை வந்து சேர்ந்தது. துடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

“அப்ப அந்தப் பூதம்?” என்று செம்பியன் கேட்டான். அவனையறியாமல் கேட்டுவிட்டான்.

“அதுவா? பாவம்ங்க அது. பேச்சு குடுத்தேன். பசிக்குதுன்னு சொல்லுச்சு. ஆரம்பத்துல நம்ம பையில ரொட்டி தருவாங்க இல்ல, அத குடுத்தேன். சாப்புட்டுட்டு ஓரமா ஒக்காந்துகிச்சு. நான் போயிட்டேன்.” அவள் முகத்தில் வெளிச்சம் ஏறியிருந்தது. “கடைசில அந்த ராஜா அழுவான் பாருங்க, எனக்கு ரெண்டு நாளு மனசே சரியில்ல. உங்ககிட்டதான் பேசணும்னு இருந்தேன். நீங்க இன்னா பண்ணீங்க, ராஜாவ மன்னிச்சீங்களா?”

செம்பியன் ராஜாவைப் பார்த்ததில்லை. கல்லூரி முடித்த வருடத்திலிருந்து அவன் அந்தப் பாலத்தில்தான் நிற்கிறான். பூதத்தை வெட்டுவான், பூதம் அவனைக் கொல்லும். மறுபடி வெட்டுவான். படகில் அவளிடம் அத்தனை ஆசையாகச் சொன்னதெல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கக் கதை. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவளிடம் கேட்க அவன் நாக்கு துடித்தது. ஊர் இருக்கிறதா? ஆறு இருக்கிறதா? அந்த ராஜா ஏன் அழுகிறான்?

“முடிச்சிருக்கீங்க இல்ல?” என்றாள் அவள், இப்போது மூவரையும் பார்த்து.

பழனிவேல் மின்விசிறியைப் பார்த்தார்.

“முடிக்கிறது முக்கியம் இல்லம்மா” என்றார் தட்சிணாமூர்த்தி. “முறையா ஆரம்பிக்கிறதுதான் முக்கியம். ஈஸி மோட்ல ஆடி முடிச்சது கணக்குல வராது. நீங்க ஒண்ணாவதுலேர்ந்து திரும்ப ஆரம்பிங்க. செயலாளர் இன்னா சொல்றாரு?”

எழிலரசி செம்பியனைப் பார்த்தாள். படகில் பார்த்த அதே பார்வை. ஒரே ஒரு சொல் போதும் என்பது அவனுக்கும் தெரிந்தது. தலைவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது... முறைன்னு ஒண்ணு இருக்குதுங்க” என்றான் செம்பியன்.

அவள் கோபப்படவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டாள். “வந்தது வந்தேன், நெசமாவே கோயிலுக்கு போயிட்டு போறேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று மாலை செம்பியன் கதவைச் சாத்திக்கொண்டு சாம்பல் கோட்டையைத் திறந்தான். பாலத்தில் பூதம் நின்றது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, வெட்டாமல், ‘பேசு’ என்று தட்டினான். ‘பசிக்கிறது’ என்று எழுத்து வந்தது. முதல் பாகத்திலும் அதேதான் சொன்னது. இத்தனை நாளும் அதையேதான் சொல்லக் காத்திருந்தது. செம்பியன் பையைத் திறந்து தேடினான். ஆறு வாள்கள் இருந்தன. ரொட்டி இல்லை. ‘தொடக்கத்திலேயே ரொட்டியை விற்று வாள் வாங்குக’ என்பதுதான் பேரவை அவனுக்குச் செய்த முதல் பரிந்துரை.

முதுநகரிலிருந்து ‘ஜாதகம் சரியா பொருந்தல’ என்று மரியாதையாகச் சொல்லியனுப்பினார்கள். ஆனால் எழிலரசியே மங்கலத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். “உங்க பையன் நல்லவர்தாம்மா. ஆனா நாளைக்கு நான் ஒரு கொழம்பு வெச்சாலும், அது சரியான்னு மாடில மூணு பேரு கூடிப் பேசுவாங்களோன்னு பயமாருக்கு” என்றாள்.

தியாகத்தை மதிக்கத் தெரிந்த அமைப்பு பேரவை. கொள்கைக்காகக் கல்யாணத்தையே பறிகொடுத்த செயலாளரைப் பாராட்ட, தலைவரும் பொருளாளரும் பொன்னாடையோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். செம்பியன் தலைகுனிந்து நின்று போர்த்திக்கொண்டான்.

“பையன் உறுதியா நின்னான்மா” என்றார் தட்சிணாமூர்த்தி. “எங்களுக்கெல்லாம் பெருமை.”

மங்கலம் தம்ளரை நங்கென்று வைத்தாள்.

“இன்னா தம்பி பெருமை? ஒரு பொண்ணு தானா தேடி வந்து, எம் புள்ளகூட சேந்து ஆடறேன்னு கேட்டுது. அதுக்கு ஒரு பேர சொல்ல உங்க மூணு பேருக்கும் வாய் வரல. ஏன்னு சொல்லட்டா? அது உள்ள வந்தா உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சிபோவும். அதுக்குதான் வாசல மறிச்சிகினு ஒக்காந்துகினு இருக்கீங்க. வழி சொல்றவங்களாம் வழி! இவங்க மட்டும் எங்க போனாங்களாம்?”

ஜனநாயக மரபில் ஊறிய பேரவை, இக்கருத்தையும் உதறித் தள்ளிவிடவில்லை. அடுத்த ஞாயிறு முறைப்படி விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது. அம்மையார் இதுவரை ஒரு விளையாட்டைக்கூட ஆடியதில்லை என்பதால் அவருக்குக் கருத்துச் சொல்லும் தகுதி இல்லை என்று தீர்மானம் கொண்டுவரப்பட்டு, ஒருமனதாக நிறைவேறியது.

முன்மொழிந்தவர், அம்மையாரின் மகன்.