மிலாவின் அம்மாவுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

கேட்ட வேலையை மட்டும் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். நான் அந்த ரகமில்லை. ஒருவர் தண்ணீர் கேட்டால் அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து, சீனியும் அள்ளிப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவருக்குச் சலரோகம் இருக்கிறதா என்று பிறகு விசாரிக்கிற ஆள். இந்த நல்ல மனதால் செக் நாட்டுக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கையே திசைமாறிப் போனது.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனுக்குத் தெற்கே மிச்சம் என்ற ஊரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் வீடியோ ஸ்டூடியோ. தென்லண்டனில் அப்போது தாலி கட்டிய தமிழர்களில் பாதிப்பேர் என் வீடியோ மிக்ஸர் போடும் ரோஜாப்பூவுக்குள்ளிருந்துதான் திரையில் விரிந்து வந்தார்கள். (மற்றப் பாதி தோர்ண்டன் ஹீத்தில் இருந்த என் எதிரியிடம் போனது. அவனுடைய மிக்ஸரில் இதயம் மட்டும்தான் இருந்தது, பூ கிடையாது.) செத்தவீடுகளுக்கு நினைவு வீடியோவும் செய்வேன். படத்தைச் சுற்றி மாலை, மூலையில் குத்துவிளக்கு, பின்னால் வீணை. செத்தவரை முன்பின் தெரியாதவனும் பார்த்தால் அழுவான்.

எங்கள் தெருக்கோடியில், லோண்டரிக்கு மேலே குடியிருந்தவர் மிலா. பிராக் நகரத்துக்காரி. ஓவியம் படித்தவர், ஆனால் தூரிகையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கிவைத்துக் கலை செய்துகொண்டிருந்தார். ஒரு சின்னக் கலரியில் அவருடைய முதல் லண்டன் கண்காட்சி வரவிருந்தது. திறப்பு நாளில் கலரிக்காரிக்குப் பிடித்துப்போனால் வருடம் முழுக்க இடம் கொடுப்பாளாம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். இதை மிலாவே என்னிடம் சொன்னார்.

"இது பிராக்கில் எடுத்த டேப். இங்கத்தைய வீடியோ டெக்கில் ஓடும்படி மாற்றி, ஆறு கொப்பி எடுத்துத் தாருங்கள்," என்றார். "கவனம். இதுதான் என் முழு வாழ்க்கையும்."

கண் சிவந்திருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். (வெறும் சளித் தடிமனாம். அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.)

டேப்பைப் போட்டேன். யன்னலடிக் கதிரையில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். மிலாவின் அதே மூக்கு. பேச்சில்லை, அசைவில்லை. ஐந்து முழு நிமிடம் அப்படியே போகிறது. திடீரென்று ஒரு வெட்டு, பிறகு பார்த்தால் கதிரை இருக்கிறது, அம்மா இல்லை. படம் முடிந்துவிட்டது.

"வசந்தி, இஞ்ச ஓடி வாரும்! இந்தப் பிள்ளையின்ர தாய் செத்துப்போச்சு," என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள். "ஓமப்பா, கடைசியா எடுத்த படம் போல கிடக்கு. ஒருத்தருக்கும் வாய்விட்டுச் சொல்லாமல் தனிய இருந்து அழுதிருக்கு, பாவம்."

"இப்பிடியே வெறும் படத்தைத் திருப்பிக் குடுக்கவோ?"

"சீ, சனம் என்ன சொல்லும்? வடிவாச் செய்து குடுங்கோ."

வடிவாகச் செய்தேன். அம்மாவைச் சுற்றி மல்லிகை மாலை போட்டேன். இரண்டு மூலையிலும் சுடர் ஆடும் குத்துவிளக்கு. கீழே 'கண்ணீர் அஞ்சலி'. அதற்குக் கீழே பிறந்த இடமாக 'மலர்வு: பிராக்'. இறந்த தேதிக்கு 'உதிர்வு' என்று எழுதிப் பக்கத்தில் இடம் விட்டேன், அந்தத் துக்கத்தில் போய்த் தேதி கேட்க மனம் வரவில்லை. கடைசியில் வெறும் கதிரை வருகிற இடத்தில், அதிலிருந்து ஓர் ஒளிப்பந்து கிளம்பி மேலே போகும்படி வைத்தேன். அதைப் பார்த்து நானே அழுதுவிட்டேன். (என்ன ஒரு திறமைசாலி நான்!)

திறப்பு நாளன்று மிலாவுக்கு ஆயிரம் ஓட்டம். கொப்பிகளை நானே நேரே கொண்டுபோய் ஆறு டெக்கிலும் போட்டேன். வசந்தி வெள்ளைச் சேலை உடுத்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வந்த வெள்ளைக்காரர் அத்தனை பேரும் தலையிலிருந்து கால்வரை கறுப்பு.

"பாத்தீங்களே, எல்லாரும் துக்கத்துக்கெண்டு உடுத்தியிருக்கினம்," என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. (கலைக் கண்காட்சி என்றாலே அவர்களுக்குக் கறுப்புத்தானாம்.)

ஆறு பெட்டியிலிருந்தும் வீணை கிளம்பியது. வாசலில் நின்ற மிலா திரும்பிப் பார்த்தார். சிவந்திருந்த முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அவர் என்னை நோக்கி வருவதற்குள் கதவு திறந்தது. சிவப்புத் தொப்பியும் கையில் கேக் பெட்டியுமாக, திரையில் இருந்த அதே அம்மா உள்ளே வந்தார். மகளின் கண்காட்சிக்கென்று பிராக்கிலிருந்து விமானம் ஏறி வந்திருக்கிறார்.

நான் ஓடிப்போய் ஒரு பெட்டியை மறைத்து நின்றேன். அம்மாவோ நேரே பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்றார். மாலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. "எவ்வளவு அழகு! என்ன எழுதியிருக்கிறது?" என்று உடைந்த ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்.

"நீடூழி வாழ்க என்று," என்றேன். பொய்யென்றால் உரத்துச் சொல்லவேண்டும் என்பது என் கொள்கை. பக்கத்தில் நின்ற கலரிக்காரியும் மெச்சித் தலையாட்டினாள். அப்பாடா, தப்பினேன் என்று மூச்சு விட்டேன்.

வசந்தியை மறந்துவிட்டேன். அவள் அழுதபடி ஓடிவந்து அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். "நீங்கள் அவவின்ர சகோதரியோ? அச்சொட்டா அவதான்! அக்கா போயிட்டாவெண்டு கவலைப்படாதேங்கோ, அவ மேல போய்ச் சேர்ந்திட்டா," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒப்பாரியே வைத்து, திரையைக் கையால் காட்டினாள். ஒளிப்பந்து கிளம்புவதற்கு அந்த நேரம்தான் கிடைத்தது.

அம்மா திரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "யார் செத்தது?" என்றார்.

வீணை விடாமல் அழுதுகொண்டிருந்தது.

நான் நாக்குழற, கதிரை வெறுமையாக இருந்ததை மிலாவுக்கு எடுத்துச் சொன்னேன்.

"அம்மா எழும்பித் தேத்தண்ணி போடப் போனார்!" என்று மிலா கத்தினார். "போய்விட்டார், கதிரை இருக்கிறது! காலம் என்பது அதுதான்! என் கலையே அதுதான்!"

கலரிக்காரி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். மூல டேப்பை ஓடிப்போய் எடுத்து வரலாமென்றால், அது அங்கிருந்த டெக்கில் ஓடாது. மிலா ஒவ்வொரு பெட்டியாக வயரைப் பிடுங்கினார். வெட்கத்தில் எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்த அம்மா மட்டும் விழுந்து விழுந்து சிரித்து, கேக்கை வெட்டி முதல் துண்டை வசந்திக்குத்தான் கொடுத்தார்.

அடுத்த கிழமை மிலா தாயோடு ஊருக்குப் புறப்பட்டார். மன்னிப்புக் கேட்கப் போனேன். "இனிக் கமெராவைத் தொடமாட்டேன், ஓவியத்துக்கே திரும்புகிறேன்," என்றார். "ஓவியத்தை ஒருவரிடமும் கொப்பி எடுக்கக் கொடுக்கத் தேவையில்லை."

சொன்னபடி செய்தார், பெயரும் எடுத்தார். தொண்ணூறுகள் முடிகிற நேரம் லண்டனில் பெரிய மண்டபமொன்றில் அவருடைய ஓவியக் கண்காட்சி. எங்களுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே ஒரு பெண் சனத்துக்குப் படங்களை விளக்கிக்கொண்டு வந்தார். "லண்டனில் வாழ்ந்தபோது கலைஞருக்கு ஆழ்ந்த ஆன்மீக நெருக்கடி ஒன்று ஏற்பட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் கமெராவைத் தொடவேயில்லை." சனம் மரியாதையாகத் தலையாட்டியது.

வசந்தி என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினாள். "அந்த நெருக்கடி இஞ்சதான் நிக்குதெண்டு சொல்லுங்கோவனப்பா!"

அன்றிலிருந்து வீட்டில் கமெராவுக்கும் எனக்கும் நடுவில் யாராவது ஓடிவந்து நிற்பார்கள். போன மாதம் பேத்தியின் பிறந்தநாள். கேக் வெட்டுவதைப் படமெடுக்கச் சொல்லி மகள் போனை என்னிடம் நீட்டினாள். மருமகன் பாய்ந்து வந்து பறித்துக்கொண்டான்.

"மாமாட்டைக் குடுக்காதையும்," என்றான். "பிள்ளைக்கு இண்டைக்குத்தான் ஒரு வயசு!"