மில்லின் முதல் துணி

தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்த பிறகுதான், அது இவ்வளவு நேரம் எதன்மேல் உட்கார்ந்திருந்தது என்பதைத் தூசி சார் பார்த்தார். மில்லின் முதல் துணியின்மேல்.

வெள்ளையில் நீலக் கோடு போட்ட ஒன்றரை கஜம். எழுபது வருடத்துக்கு முன் மில் ஆரம்பித்த அன்று முதல் தறியிலிருந்து இறங்கியது. பல வருடமாகவே அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். புதன்கிழமை காலைதான் சாவி வந்தது. மடிப்பு மாற்றி வைக்கலாமென்று துணியை மேஜையில் விரித்தார், தும்மல் வந்தது, கோப்பையைக் கீழே வைத்தார். அவ்வளவுதான். இப்போது நட்ட நடுவில் பழுப்பாக ஒரு வட்டம்.

அந்த அறையின் கதவில் ஒரு பலகை தொங்குகிறது: ‘உள்ளே தேநீர் கொண்டுவரக் கூடாது.’ எழுதியவர் தூசி சார்தான். இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருக்கிறார். சின்ன முதலாளியையே ஒரு தடவை வாசலில் நிறுத்தி, “குடிச்சு முடிச்சுட்டு வாங்க சார்” என்று சொன்ன மனிதர்.

ஆவணக் காப்பாளர் என்பது அவருடைய பதவி. தூசி சார் என்பது மில் வைத்த பெயர். நாற்பது பீரோ நிறைய காகிதத்தோடு ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தினால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மாதிரித் துணிகள் ஒட்டிய புத்தகங்கள், தறிகளின் வரைபடங்கள், தொழிலாளிகளின் விடுப்புக் கடிதங்கள், அவற்றுக்கு மில்லைத் தொடங்கிய பெரியவர் கைப்பட எழுதிய பதில்கள். ‘மனைவிக்குப் பிரசவம், மூன்று நாள் விடுப்பு வேண்டும்’ என்று ஒருவன் எழுதியிருப்பான். ‘மூன்று நாளில் பிள்ளைக்கு உன் முகம்கூடப் பழகாது, பத்து நாள் எடுத்துக்கொள்’ என்று பெரியவர் பதில் எழுதியிருப்பார். தூசி சார் பெரியவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் உலகத்தில் அவருக்கு ரொம்பப் பிடித்த மனிதர் யார் என்று கேட்டால், மனைவி பக்கத்தில் இருந்தால்கூடப் பெரியவர் என்றுதான் சொல்வார்.

அந்த நாற்பது பீரோவுக்கும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தீர்ப்பு. சின்ன முதலாளிக்கு அந்த அறை வேண்டும். கூட்டம் நடத்த நீளமான மேஜை போட வேண்டுமாம். காகிதத்தையெல்லாம் எடைக்குப் போட்டுவிடலாமாம். முடிவு சொல்ல வேண்டியவர் அத்தை. பெரியவரின் மகள், எண்பது வயது. முதலாளிக்கு அத்தை என்பதால் மில்லுக்கே அத்தை. பெட்டியின் சாவியும் இத்தனை நாள் அவரிடம்தான் இருந்தது. அவர் வந்து பார்த்து, பிடித்தால் அறை தப்பும். முதலில் பார்க்கப் போவது அப்பாவின் முதல் துணியை.

“சும்மா ஒரு கறைதானே” என்று தூசி சார் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

வேறு எந்தக் காப்பகத்து ஆளும் எழுபது வருடத் துணியைத் தண்ணீரில் போட மாட்டார். தூசி சார் போட்டார். காரணம், அவர் இந்த மில்லின் ஆள். வாசல் கேட்டில் ஆளுயர எழுத்தில் பெரியவரின் வாக்கியம் ஒன்று இருக்கிறது: ‘எங்கள் துணி கிழியலாம், சாயம் போகாது.’ தினமும் அதைப் படித்துவிட்டு உள்ளே வருகிறவருக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? வாளியில் சோப்பைக் கரைத்து, துணியை முக்கி எடுத்தார்.

தண்ணீர் நீலமானது.

தூசி சார் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். துணியை மறுபடி முக்கினார். இன்னும் நீலமானது. கறை மட்டும் அப்படியே இருந்தது.

துணி கெட்டதைவிட அந்த வாக்கியம் கெட்டதுதான் அவரை நாற்காலியில் உட்கார வைத்தது. பெரியவர், தூசி சார் ஒன்பது வருடமாகக் கடிதம் கடிதமாகப் படித்த மனிதர். பொய் சொல்லக்கூடிய ஆளே இல்லை.

ஈரத் துணியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு சாயப் பிரிவுக்கு ஓடினார். அங்கே இருக்கும் அக்காவின் கையைப் பார்த்தாலே அன்றைக்கு என்ன நிறம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அன்றைக்கு மஞ்சள்.

“யார் துணி சார் இது, இப்படிக் கசிஞ்சிருக்கு?”

“தெரிஞ்சவங்க துணி.”

“மட்டமான சாயம். எந்த மில்லோ தெரியல, வெட்கம் கெட்டவங்க.”

“கோடு அப்படியே இருக்கணும், மிச்சமெல்லாம் வெள்ளையாகணும். முடியுமாக்கா?”

“வெளுப்புல அஞ்சு நிமிஷம் போட்டா வெள்ளை வந்துடும். கோட்டுக்கு நான் பொறுப்பில்ல.”

ஐந்து நிமிடத்தில் வெள்ளை வந்தது. பளபளவென்று வந்தது. கறை போயிருந்தது, கசிவு போயிருந்தது, கோடும் போயிருந்தது. கல்யாணத்துக்கு எடுத்த புதுத் துணி மாதிரி இருந்தது.

“நல்லா வந்திருக்கில்ல?” என்றாள் அக்கா.

“ரொம்ப” என்றார் தூசி சார்.

இனி ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். மாதிரித் தறி ஓட்டும் மாஸ்டர். முப்பத்தைந்து வருடமாக அவர் தறியிலிருந்து ஒரு பிழை இறங்கியதில்லை. அவரிடம் எதையும் மறைக்க முடியாது என்பதால் தூசி சார் மறைக்கவில்லை. முழுவதையும் சொன்னார். மாஸ்டர் கேட்டுவிட்டு இரண்டு நிமிடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“சாயம் போச்சா?”

“போச்சு மாஸ்டர்.”

“பெரியவரு துணியில?”

“அதான் சொல்றேனே.”

“வெளிய சொல்லிடாதீங்க. மில்லுல பாதிப் பேரு அந்த கேட்டைப் பார்த்துதான் வேலைக்கு வந்தோம்” என்றார் மாஸ்டர். “சரி, புதுசா ஒண்ணு நெய்து தரேன். அளவு சொல்லுங்க.”

அளவு பெரியவரின் நோட்டுப் புத்தகத்திலேயே இருந்தது. நூல் எண்ணிக்கை, கோட்டின் அகலம், கோட்டுக்குக் கோடு இடைவெளி. கோட்டின் அகலம் மனைவியின் சுண்டுவிரல் அளவு என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அதற்குக் கீழேதான் சிக்கல். ‘முதல் துணியில் ஏழு பிழைகள். ஏழும் என் அவசரத்தால் வந்தவை. வாங்க வருகிறவர்கள் பார்க்கும்படி வாசலில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.’ எந்த இடத்தில் எந்தப் பிழை என்று விரல்கணக்கில் குறித்தும் வைத்திருந்தார். இழை அறுந்தது இரண்டு, ஊடை, அதாவது குறுக்கு நூல், விட்டது மூன்று, முடிச்சு இரண்டு.

மாஸ்டர் பூதக்கண்ணாடியை எடுத்து, வெளுத்த துணியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“இதுல ஒரு பிழைகூட இல்ல சார்.”

“ஏழுன்னு எழுதியிருக்காரே.”

“அதான் சொல்றேன். நம்ம கண்ணுக்கே தெரியாத ஒண்ணை அவரு பிழைன்னு எழுதியிருக்காரு. எவ்வளவு கறாரான மனுஷன் பாருங்க. நாமெல்லாம் தறி ஓட்டறோம்னு சொல்லிக்கிறோம்.”

தூசி சாருக்கும் மெய் சிலிர்த்தது. சாயம் போனதில் இறங்கியிருந்த மரியாதை பாதி ஏறிவிட்டது. இருந்தாலும் நோட்டில் இருப்பதுதான் ஆவணம். அத்தை நோட்டைப் படித்தவர். “நோட்டுல இருக்கிற மாதிரியே நெய்ங்க மாஸ்டர், ஏழு பிழையோட.”

மாஸ்டர் முகம் சுருங்கியது. “பிழையோடவா? நானா?”

வியாழக்கிழமை காலை முதல் பிழையில் தறி நின்றது. இழையை அறுக்க வேண்டிய இடத்தில் மாஸ்டரின் கை போய் ஒட்டுப் போட்டது. இரண்டாவது முறையும் போட்டது. “நான் என்ன சார் பண்றது, அது பாட்டுக்குப் போய் சரி பண்ணுது.” கடைசியில் மாஸ்டர் கண்ணை மூடிக்கொள்ள, தூசி சார் நோட்டைப் பார்த்து, “இப்ப அறுங்க” என்று சொல்லச் சொல்ல வேலை நடந்தது. ஒவ்வொரு பிழைக்கும் மாஸ்டர் பல் பிடுங்குகிறவர் முன்னால் உட்கார்ந்த மாதிரி முனகினார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்றரை கஜமும் இறங்கியது. ஏழு பிழையும் இருந்த இடத்தில் இருந்தன. மாஸ்டர் துணியைத் தொடாமல் கை கழுவப் போய்விட்டார்.

துணி அருமையாக இருந்தது, ஆனால் நேற்றுப் பிறந்ததாக இருந்தது. எழுபது வயதாவது தெரிய வேண்டாமா? தூசி சார் யோசித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எட்டுக் கோப்பை தேநீர் போட்டு, சர்க்கரை இல்லாமல், துணியை அதில் ஊற வைத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அத்தை வந்தார். சின்ன முதலாளி ஒரு பக்கம் கை கொடுத்தார். மறுபக்கம், அத்தை வீட்டில் பல வருடமாக வேலை செய்யும் அம்மாள் ஒருத்தி பையையும் ஊன்றுகோலையும் வைத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டரும் சாயப் பிரிவு அக்காவும் வாசலில் நின்றார்கள்.

அத்தை நேராகக் கண்ணாடிப் பெட்டியிடம் போனார். திறக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு துணிமேல் விரலை ஓட்டினார். மில் வீட்டில் வளர்ந்த விரல். ஒரு இடத்தில் நின்றது. அடுத்த இடத்தில் நின்றது. உதடு மெல்ல எண்ணியது. ஏழாவது இடத்தில் கை நின்றபோது அத்தையின் முகம் வெளிறிப் போயிருந்தது.

“இது எப்படி இங்க வந்துச்சு?” என்றார்.

தூசி சாருக்கு உயிரே போய்விட்டது. தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டார் பார், பெரியவரின் மகள் என்றால் சும்மாவா என்று அந்தப் பயத்திலும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார். தப்பிக்க வழி இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெட்டிக்குப் பக்கத்திலேயே அந்த நோட்டு திறந்திருந்தது. தன்னுடைய ஏழு பிழையை ஊர் பார்க்க வாசலில் மாட்டிய மனிதரின் கையெழுத்து.

“அத்தை, இது முதல் துணி இல்ல” என்றார் தூசி சார். “முதல் துணியை நான் கெடுத்துட்டேன். தேநீர்க் கோப்பையை அது மேல வச்சேன். கறை போகத் துவைச்சேன். வெளுப்புல போட்டேன். இது மாஸ்டர் நேத்து நெய்தது. அவரு மேல தப்பில்ல, நான்தான் கெஞ்சினேன். என்னை அனுப்பிடுங்க. ஆனா இந்தக் காகிதத்தை எடைக்குப் போட்டுடாதீங்க. அது என்ன பண்ணுச்சு?”

சின்ன முதலாளி தொண்டையைக் கனைத்தார்.

“துவைச்சா என்ன? தாத்தா சாயம் போகாதே.”

“போச்சு சார்” என்றார் தூசி சார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. “முதல் முக்குலயே போச்சு.”

சாயப் பிரிவு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தான் யாரை வெட்கம் கெட்டவர் என்று திட்டினோம் என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

சின்ன முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அறை வேண்டும், மேஜை வேண்டும் என்று நின்றவர்தான். ஆனால் அவரும் அந்த கேட்டைப் பார்த்து வளர்ந்த பேரன். “அப்போ கேட்டுல எழுதியிருக்கிறது பொய்யா அத்தை? எழுபது வருஷமா ஊரை ஏமாத்தியிருக்கோமா? இன்னைக்கே அழிக்கச் சொல்லிடட்டுமா?”

அத்தை வாயைத் திறந்தார், மூடினார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபத்தில் வார்த்தை வரவில்லை என்று தூசி சார் நினைத்தார். மாஸ்டர் வாசலில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது, ஊன்றுகோலோடு நின்ற அம்மாள் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தாள்.

“ஏம்மா, இவங்க எல்லாரும் அழறாங்க, நீங்க சும்மா நிக்கிறீங்களே. அப்பா ஞாபகமா இருக்கட்டும்னு அசலை எடுத்துட்டுப் போயிட்டு, கடைத்துணி ஒண்ணை இங்க வச்சது நீங்கதானே? அந்த அசல்ல தச்ச உங்க தலையணை உறையை இருபது வருஷமா வாராவாரம் நான்தாம்மா துவைக்கிறேன், ஒரு சொட்டு நீலம் போனதில்ல.”