மூன்று பி மைனஸ் மாப்பிள்ளை

கடைசியாக நானும் அப்பாவும் சேர்ந்து செய்த வேலை, ஓர் ஆட்டுத் தலையின் மயிரைப் பொசுக்கியது. நிலக்கரி நகரமான கராகண்டாவில், எங்கள் அடுக்குமாடியின் பின்முற்றத்தில், பனிமேல் இரும்பு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் தலையை வைத்தோம். கேஸ் டார்ச் என் கையில். குறை சொல்லும் பொறுப்பு அவரிடம்.

"சுடர் மஞ்சளா வருது. உன்னை ஒரு படி இறக்கறேன்."

"காத்து அடிக்குதுப்பா. நான் என்ன செய்ய?"

"வெளிச்சூழல் சரியில்லைன்னுதான் எல்லா நாடும் சொல்லுது."

"ஊருக்கே வெந்நீர் அனுப்பற கொதிகலனைப் பாத்துக்கறவன்பா நான்."

"அதனாலதான் ஒரு படி. இல்லேன்னா ரெண்டு."

தலையைத் திருப்பிப் பிடித்தபடியே, "இது முடிஞ்சதும் ஒருத்தருக்கு ஃபோன் போடணும். நானே போடணும்" என்றார். யாருக்கு என்று கேட்டேன்.

"அறிவிப்புக்கு முன்னாடி வெளியில சொல்றதில்லை."

வாசகரே, இந்த இனத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பெயர்தான் வைத்திருக்க மாட்டீர்கள். தரக்காரர். ஒரு நாட்டை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்று வெளியூர் நிறுவனங்கள் உட்கார்ந்து எழுத்தில் மதிப்பெண் போடுகின்றன அல்லவா, அந்த எழுத்தைத் தன் சொந்த ரத்த அழுத்தம்போல் தினமும் விசாரிப்பவர். மூன்று பி மைனஸ் என்றால் மானம் தப்பியது, அதற்கு ஒரு படி கீழே என்றால் சந்தை நம்மைக் குப்பை என்று சொல்லும் என்று தபால்காரரை நிறுத்தி வைத்து விளக்குபவர். நாட்டில் யாரும் அவரைக் கேட்காததால் வீட்டில் எல்லாருக்கும் அதே எழுத்துகளைப் போட்டுப் பார்ப்பவர். அவர் யாருக்கும் கடன் கொடுத்ததில்லை. வாங்கியதும் இல்லை. அதனால் என்ன?

என் அப்பா பெயர் ஓரின்பாசர், மரியாதையாகச் சுருக்கினால் ஓரெக்கே. நிலக்கரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். நிலக்கரியை எரித்து, மிஞ்சும் சாம்பலைப் பார்த்துத் தரம் பிரிப்பது தொழில். ஓய்வு பெற்றார். நிலக்கரி நின்றது. தரம் பிரிப்பது நிற்கவில்லை.

எங்கள் லிஃப்டுக்கு ஒற்றை பி, போக்கு எதிர்மறை, அதாவது இன்னும் இறங்கலாம். மாடிவீட்டில் இருக்கும் கப்டென் என்பவர் அவருக்கு அரை நூற்றாண்டு நண்பர். மூன்று பி, போக்கு நிலையானது. சதுரங்கத்தில் அப்பாவைத் தோற்கடித்தால் கப்டென் "மறுபரிசீலனையில்" வைக்கப்படுவார். அம்மாவுக்கு மட்டும் ஒற்றை ஏ. அதுவும் நாட்டுக்கு இறக்கம் வந்த நாள்வரை.

எண்ணெய் விலை விழுந்த ஆண்டு நாட்டை ஒரு படி இறக்கினார்கள். அன்று காலை அப்பா வானொலியை அணைத்துவிட்டு வந்து, வீட்டில் எல்லாரையும் ஒரு படி இறக்கினார்.

"நேத்து வெச்ச அதே சூப்தானே இது?" என்றாள் அம்மா. "நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ பண்ணலை. ஆனா நாடுதான் கூரை. கூரை இறங்கினா கீழ இருக்கற எல்லாரும் குனியணும். உன்னை ஏற்கெனவே கூரைக்கு மேல வெச்சிருந்தேன். அதுவே சலுகை."

"அப்ப அந்தக் கூரையையே போய் சூப் வெச்சுத் தரச் சொல்லுங்க."

அன்று மதியம் அவர் ரொட்டி மட்டும் தின்றார். ஆனால் தரத்தை ஏற்றவில்லை. இந்த இனத்தின் முதல் இலக்கணம் இதுதான். இறக்குவதற்கு ஒரு காலைப்பொழுது போதும். ஏற்றுவதற்கு ஆண்டுகள் வேண்டும். முதலில் போக்கு நிலையாக வேண்டும், பிறகு சாதகமாக வேண்டும், பிறகு பொறுத்துப் பார்க்க வேண்டும், அதற்குள் உலகத்தில் எங்காவது ஒரு கெண்டி கவிழும், மறுபடி முதலிலிருந்து.

இப்போது என் தங்கை ரௌஷனின் கணவன் தாயிரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் விருந்தில் எலும்புதான் மதிப்பெண். ஆட்டுத் தலை மூத்தவருக்கு. இடுப்பெலும்பு அடுத்த மரியாதைக்கு. நெஞ்செலும்பு மாப்பிள்ளைக்கு, அதைத் தட்டில் வைத்தால்தான் அவன் அந்த வீட்டு மாப்பிள்ளை. தன் அப்பா உயிரோடு இருக்கிறவன் தலையில் கத்தி வைக்கக் கூடாது. மரியாதைக்கு அவன் பக்கம் நகர்த்தினால், குனிந்து வணங்கித் திருப்பித் தர வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தெரிந்திருக்க வேண்டும்.

தாயிர் நகரத்தில் வளர்ந்தவன். பல் மருத்துவன். நாடு இறங்கிய அதே வாரம் முதல் விருந்துக்கு வந்தான். அப்பா தலையை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் மலர்ந்து, "ரொம்ப நன்றி மாமா" என்று சொல்லி, ஒரு காதை அறுத்துத் தின்றான்.

அம்மா தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.

"உங்கப்பா சௌக்கியமா?" என்றார் அப்பா.

"நல்லா இருக்கார் மாமா. நேத்துகூடப் பேசினேன்."

"இருக்கட்டும். நூறு வயசு இருக்கட்டும்."

நெஞ்செலும்பு கப்டெனுக்குப் போனது. தாயிருக்கு ஒரு விலாத் துண்டு. அன்றிலிருந்து ஒவ்வொரு விருந்திலும் விலாத் துண்டு. அப்பாவின் பல்செட்டை அவன்தான் செய்தான். அந்தப் பற்களால் மென்றுகொண்டே அப்பா சொல்வார்: "மூன்று பி மைனஸ். போக்கு நிலையானது."

ரௌஷன் சண்டை போட்டாள். ஒரு நோன்புப் பெருநாளில் வரவில்லை. பிறகு வந்தாள். தாயிர் விலாவைத் தின்றான். நாட்டை ஏற்றினார்கள். அம்மா ஏறினாள், கப்டென் ஏறினார், லிஃப்டுகூட ஏறியது.

"மாப்ளை?" என்று ஒருமுறை கப்டென் கேட்டார். "ஓரெக்கே, ஒரு காதுக்கு இவ்வளவு நாளா?"

"கடந்தகால நடத்தைன்னு ஒண்ணு இருக்கு."

"உன் நடத்தைக்கு யாரு மார்க் போடறது?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே, நெஞ்செலும்பை நக்கிக்கிட்டு."

ஞாயிற்றுக்கிழமை விருந்து என்று அப்பா வைத்திருந்தார். புதன்கிழமை நாங்கள் தலையைப் பொசுக்கினோம். வெள்ளிக்கிழமை காலை வானொலி முன் தேநீரோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

கராகண்டாவில் குளிர்காலத்தில் பால்கனிதான் ஐஸ்பெட்டி. அந்த ஆடு அங்கேயே உறைந்து கிடந்தது. நாற்பதாம் நாள் காரியம் முடிந்து, வீட்டு மனிதர்கள் மட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். கப்டென் தலையை எடுத்து ஒரு துண்டு அறுத்துவிட்டு என் பக்கம் திருப்பினார்.

"இனிமே உன் கத்தி படலாம், தம்பி."

வாங்கினேன். வெட்டினேன். உப்பு குறைவு.

எலும்புகளைப் பிரிக்க வேண்டியவனும் நான்தான். நெஞ்செலும்பு என் கையில் இருந்தது. ரௌஷன் என்னையே பார்த்தாள். நான் கொடுத்தால் அது என் தீர்ப்பு. அவளுக்கு வேண்டியது அது இல்லை.

"அப்பா ஏதாவது சொன்னாரா அண்ணா?"

"இல்லை" என்றேன். ஆமாம் என்று பொய் சொல்லப் பழகவில்லை.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "போறதுக்கு முந்தின நாள் ராத்திரிதான் என்கிட்ட தாயிர் நம்பரைக் கேட்டாருடி. இத்தனை வருஷமா அந்த மனுஷன் ஃபோன்ல மாப்ளை நம்பரே இல்லை. 'ரௌஷனைக் கேக்காதே, தெரிஞ்சுடும். ஞாயித்துக்கிழமைக்கு நானே கூப்பிடறேன்'னாரு. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எண்ணா அமுக்கினாரு. நெஞ்செலும்பைத் தனியாத் துணியில சுத்தி வைக்கச் சொன்னதும் அவர்தான்."

"ஏம்மா இவ்வளவு நாள் சொல்லலை?"

"அறிவிப்புக்கு முன்னாடி சொல்லக் கூடாதாமே."

எலும்பைத் தாயிர் தட்டில் வைத்தேன். அவன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், மாமா கூப்பிட்டிருந்தா தெரியாத நம்பர்னு கட் பண்ணியிருப்பேன்."

கப்டென்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். ரௌஷன் சிரித்துக்கொண்டே எழுந்து சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் வரவில்லை. தாயிர் எலும்பைச் சுத்தமாகத் தின்றான்.

"மாப்ளை," என்றேன், "சாப்பிட்ட விதத்துக்கு மூன்று பி. மைனஸ் கிடையாது. போக்கு..."

நிறுத்திக்கொண்டேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இனம் எப்படிப் பெருகுகிறது என்று இப்போது புரிகிறதா? நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். நல்லது. இன்று காலை பால்காரரை ஒரு படி இறக்கினீர்களே, அது? மருமகள் காப்பியை? பக்கத்து இருக்கைக்காரரை, அவர் உட்கார்ந்த விதத்துக்காகவே? சரி, கடைசியாக யாரை ஏற்றினீர்கள்? மெதுவாக யோசியுங்கள். அவர்கள் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், விலாத் துண்டோடு.

அப்பாவின் ஃபோன் வானொலி பக்கத்தில் இருக்கிறது. அணையாமல் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். எண் அதில் இருக்கிறது. அழைப்புதான் போகவில்லை.