வழி தவறத் தெரியாத ஓட்டீலியா

வியன்னா நகரத்து மக்கள் தங்கள் ஊரைப் பார்த்து வியப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று ஓர் ஆய்வு கண்டறிந்தது. வெளியூர்க்காரன் முதல் நாள் அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறான். உள்ளூர்க்காரன் தரையைப் பார்த்து நடக்கிறான். வீட்டுக்கு ஒரு நாய் இருக்கும் ஊரில் அதற்குத் தக்க காரணம் உண்டென்பது ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

ஆகவே வியப்புத் துறை நிறுவப்பட்டது. இனி எந்த உரிமத்தைப் புதுப்பிக்கவும், அரசுப் பதவியில் உயரவும் ‘முதல் நாள் நடை’ச் சான்றிதழ் வேண்டும். நடப்பவர் மூன்று முறை வியக்க வேண்டும். ஒரு முறையேனும் வழி தவற வேண்டும்.

ஓட்டீலியா கால்வாய்க் கரையில் சக்கரம் வைத்த சாசேஜ் கடை போட்டு முப்பத்தோரு வருஷம். வெள்ளிக்கிழமையோடு உரிமம் முடிகிறது. கடை போனால் வேறு பிழைப்பில்லை.

நடையைச் சோதிக்க வியப்புத் துறையின் உதவி ஆலோசகர் நவ்ராதில் வந்தார். ரொட்டியின் மொறுமொறு முனையை வைத்து அவருக்கு ஒரு சாசேஜ் கொடுத்தாள். முனை, ஊர்க்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் மரியாதை.

தேவாலயத்தின் முன் நின்றார்கள்.

“வியப்பு வருதா?”

“கோபுரத்துல சாரம் கட்டியிருக்காங்க. எனக்குக் கல்யாணம் ஆனப்பவும் கட்டியிருந்தாங்க. புருஷன் போயிட்டான், சாரம் இருக்கு.”

“அது வருத்தம். வருத்தத்துக்குப் படிவத்துல கட்டம் இல்லை. சரி, வழி தவறுங்க.”

ஓட்டீலியா கண்ணை மூடிக்கொண்டு ஒரு சந்தில் நுழைந்தாள்.

“இடது பக்கம் பேக்கரி. வாசனை வருதே, நான் என்ன பண்ண?”

“ஒத்துழைப்பு போதாது” என்று எழுதிக்கொண்டார். “நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க.”

இருபது வருஷமாகச் சுரங்க ரயிலிலேயே அலுவலகம் போய்வருகிறவர் அவர். நாலு திருப்பம் தாண்டியதும் நின்றார்.

“நாம எங்கம்மா இருக்கோம்?”

“உங்க ஆபீசுக்குப் பின்னாடி.”

அவர் அண்ணாந்து பார்த்தார். “இங்க மரம்லாம் இருக்கா?” வாய் மூடவில்லை. பிறகு முகம் வெளுத்தது. “சோதிக்க வந்த நானே வழி தவறினது வெளிய தெரிஞ்சா பதவி உயர்வு போயிடும்.”

“தவறினது நான்னு போடுங்க, அரசவை ஆலோசகர் ஐயா.”

அந்தப் பட்டம் அவருக்கு இன்னும் மூன்று படி மேலே இருந்தது. பேரரசர் போய் நூறு வருஷமாகியும் அரசவையின் பட்டம் போகாத ஊர். அவர் அவளைத் திருத்தவில்லை. கையெழுத்துப் போட்டார்.

உரிம விண்ணப்பத்துக்குத் திங்களன்று பதில் வந்தது: ‘இணைக்கப்பட்ட சான்றிதழின்படி தங்களுக்கு இந்நகரில் இது முதல் நாள். ஐந்தாண்டு வசித்தவர்களுக்கே கடை உரிமம். தாங்கள் முதலில் குடியேறுவோர் பிரிவில் பதிவு செய்துகொள்ளவும்.’

குடியேறுவோர் பிரிவில் வரிசை கட்டடத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பேக்கரிக்காரர், டிராம் ஓட்டுநர், பல் வைத்தியர் என்று சான்றிதழ் வாங்கிய எல்லோரும் நின்றார்கள். ஜன்னல் மூடியிருந்தது, அங்கே உட்கார வேண்டிய குமாஸ்தாவும் வரிசையில்தான். பதவி உயர்வுக்காகச் சான்றிதழ் வாங்கியிருந்த நவ்ராதிலும் நின்றார்.

ஓட்டீலியா வரிசையை ஒரு முறை பார்த்தாள். போய்க் கடையைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“உரிமம் இருக்கா?” என்றார் நவ்ராதில், பழக்க தோஷத்தில்.

“அதைக் கேக்க வேண்டிய அதிகாரி உங்களுக்கு முன்னால நாலாவது ஆள். அவரே ரெண்டு சாசேஜ் தின்னாச்சு. உங்களுக்குக் கடுகு சாஸ் காரமா, இனிப்பா?”

“காரம்.” வாங்கிப் பார்த்தார். நடு ரொட்டி. “முனை இல்லையா?”

“முனை ஊர்க்காரங்களுக்கு” என்றாள் ஓட்டீலியா. “அடுத்து யாரு?”